தாமதமாக வரும் அண்ணன்: அழகர் ஆற்றில் இறங்கும் விழாவின் வரலாறு

மதுரைச் சித்திரைத் திருவிழாவில் இரண்டு கோயில்களின் இரண்டு விழாக்கள் அடக்கம். வைகையின் தென்கரையில், நகரின் நடுவே உள்ள மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலில் கொடியேற்றத்தோடு தொடங்கும் 12 நாள் விழா ஒன்று. அதில் எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்விஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம், மறுநாள் தேரோட்டம். மற்றொன்று, நகருக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் அழகர்மலை அடிவாரத்தில் இருக்கும் கள்ளழகரின் பயணம். அவர் பல்லக்கில் புறப்பட்டு வந்து, சித்ரா பௌர்ணமி நாளின் அதிகாலையில் தங்கக்குதிரை மீது வைகையில் இறங்குகிறார். முன்னது சைவக் கோயில், பின்னது வைணவக் கோயில். பூசை முறையும் பட்டர்களும் விழாக் கணக்கும் வேறு வேறு. ஆனாலும் மதுரையிலும் சுற்றுவட்டாரச் சமவெளி ஊர்களிலும் யாரைக் கேட்டாலும் இரண்டும் ஒரே விழா என்றுதான் சொல்வார்கள். காரணம் கேட்டால் ஒரு கதை வரும்.

அழகர் மீனாட்சிக்கு அண்ணன். தங்கையின் கல்யாணத்துக்குச் சீர்வரிசையோடு மலையிலிருந்து கிளம்புகிறார். வழிநெடுக ஜனங்கள் மறித்துக் கும்பிடுகிறார்கள். அவர்கள் அமைத்த வரவேற்புப் பந்தல்களான மண்டகப்படிகளில் எல்லாம் நின்று வருவதில் பொழுது போய்விடுகிறது. ஆற்றில் இறங்கும் நேரத்தில், தாலி கட்டி முடிந்துவிட்டது என்ற செய்தி வருகிறது. அண்ணன் வரும்வரை காத்திருக்கவில்லையே என்று அவருக்குக் கோபம். கொண்டுவந்த சீரை ஆற்றங்கரையிலேயே விட்டுவிட்டு, ஊருக்குள் கால் வைக்காமல் வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிடுகிறார். பிறந்த வீட்டு முறை செய்ய வேண்டியவர் வருவதற்கு முன்னால் காரியம் நடந்துவிட்டால் கல்யாண வீட்டில் எவ்வளவு பெரிய மனத்தாங்கல் வரும் என்பது தென்மாவட்டங்களில் எல்லாருக்கும் தெரியும். அதனால் இந்தக் கதைக்கு விளக்கமே தேவைப்பட்டதில்லை.

ஆனால் இந்தக் கதையை எந்தப் புராணமும் சொல்லவில்லை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மீனாட்சியாகிய தடாதகைப் பிராட்டியின் கையை நீர் வார்த்துச் சுந்தரேசுவரராகிய சொக்கருக்குக் கொடுப்பவர் திருமால்தான். அவர் உரிய நேரத்தில் உடன் இருக்கிறார். மீனாட்சி கோயிலின் கம்பத்தடி மண்டபத் தூணில் உள்ள திருமணச் சிற்பமும் இதையே காட்டுகிறது. நடுவில் வெட்கத்தோடு தலை தாழ்த்திய மணப்பெண், ஒரு பக்கம் சொக்கர், மறுபக்கம் தாரை வார்க்கும் திருமால். ஆண்டுதோறும் நடக்கும் திருக்கல்யாணத்திலும் பெண்ணைத் தாரை வார்க்க ஒரு பெருமாள் வருகிறார். அவர் திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள். சுப்பிரமணியரும் தெய்வானையும் உடன் வருகிறார்கள். ஆக, மணமேடையில் அண்ணனின் இடம் காலியாக இல்லை. அழகர் கோயில் தரப்பிலும் கல்யாணத்தைப் பற்றிய பேச்சே கிடையாது. அங்கே பயணத்துக்குச் சொல்லப்படும் காரணம் மண்டூக முனிவர். மலையிலுள்ள நூபுர கங்கைத் தீர்த்தத்தில் நீராடிக்கொண்டிருந்த சுதபஸ் என்ற முனிவர், துர்வாசர் வந்ததைக் கவனிக்கவில்லை. மண்டூகமாகப் போ, அதாவது தவளையாகப் போ, என்று துர்வாசர் சபித்தார். வைகைக் கரையில் தவமிருந்த தவளைக்குச் சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள் சாபம் தீர்க்கவே அழகர் வருகிறார் என்பது கோயில் வழக்கு.

இரண்டு கோயிலும் சொல்லாத கதை எப்படி ஊர் முழுவதும் நிலைத்தது? விடை 17ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. அதற்கு முன் மலைக்கும் ஊருக்கும் இடையிலான பழைய உறவைப் பார்க்க வேண்டும்.

அழகர்மலைக் குகை ஒன்றில், கிடாரிப்பட்டிப் பக்கம், தமிழ் பிராமி எழுத்துகள் பொறித்த கற்படுக்கைகள் உள்ளன. சமண முனிவர்களுக்காக 2,000 ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்டவை. அவற்றுக்குக் கொடை தந்தவர்களில் மதுரைப் பொற்கொல்லன் இருக்கிறான். உப்பு வணிகன், பாணிதம் எனப்படும் சர்க்கரைப்பாகு விற்ற வணிகன், ஏர்க்கொழு வணிகன் இருக்கிறார்கள். நகரத்துக் கடைக்காரன் காசை மலைக்குக் கொண்டுபோய்ச் செலவழிக்கும் வழக்கம் அவ்வளவு பழையது. திருமாலிருஞ்சோலை என்ற பெயரில் இந்த மலையைப் பரிபாடல் போற்றுகிறது, சிலப்பதிகாரம் வழிகாட்டுகிறது, பெரியாழ்வாரும் ஆண்டாளும் நம்மாழ்வாரும் பாடியிருக்கிறார்கள். 108 திவ்யதேசங்களில் ஒன்றாகிப் பாண்டியர், நாயக்கர் காலங்களில் கோயில் வளர்ந்தது.

அந்தக் காலத்தில் அழகர் சித்திரையில் போனது மதுரைக்கு அல்ல. மதுரைக்கு மேற்கே, சமயநல்லூருக்கு அருகில் வைகைக் கரையில் இருக்கும் தேனூருக்குத்தான் போனார். மலையிலிருந்து அலங்காநல்லூர் வழியாகத் தேனூர் சென்று, அங்கே ஆற்றில் இறங்கி மண்டூகருக்குச் சாபம் தீர்த்துத் திரும்புவார். மதுரையில் மீனாட்சியின் திருக்கல்யாணமும் தேரும் மாசி மாதத்தில் நடந்தன. இரு விழாக்களுக்கும் இடத்தாலும் காலத்தாலும் தொடர்பே இல்லை.

அதைச் சேர்த்தவர் திருமலை நாயக்கர். 1623 முதல் 1659 வரை ஆண்ட இவர், தலைநகரைத் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குக் கொண்டுவந்தார். அரண்மனை, வண்டியூர்த் தெப்பக்குளம், புதுமண்டபம் என்று நகரையே விழாவுக்கு ஏற்ற மேடையாகக் கட்டினார். மாசிக் கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றியதும், தேனூருக்குப் போன அழகரை மதுரைப் பக்கம் திருப்பியதும் அவர் காலத்து ஏற்பாடு என்பதே வழிவழிச் செய்தி. சைவ வைணவப் பிணக்கைத் தீர்க்கச் செய்தார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அவர் செய்துவைத்த பெருந்தேர்களை இழுக்க ஆயிரக்கணக்கான கைகள் வேண்டியிருந்தன. மாசியில் அறுவடைக்குப் போகும் ஜனம் சித்திரையில் ஓய்வாக இருக்கும், அழகரைப் பார்க்க எப்படியும் திரளும் என்பது இன்னொரு விளக்கம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். ஆனாலும் வயலும் தேரும் சம்பந்தப்பட்ட இரண்டாவது விளக்கமே ஓர் அரசனின் கணக்குக்குக் கூடுதலாகப் பொருந்துகிறது.

பழைய ஏற்பாட்டின் தடயம் மதுரைத் தெருக்களில் இருக்கிறது. கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று சதுரம் சதுரமாக நான்கு சுற்றுகள். சித்திரைத் தேர் இன்று ஓடுவது சித்திரை வீதியில் அல்ல, மாசி வீதிகளில். விழாவின் மாதம் மாறியது, தேர் ஓடும் தெருவும் அதன் பெயரும் மாறவில்லை. தேனூரின் உரிமையும் அழியவில்லை. வண்டியூர் அருகே வைகையில் நிற்கும் மண்டபத்துக்குத் தேனூர் மண்டபம் என்றே பெயர். மண்டூகருக்கு மோட்சம் கொடுக்கும் சடங்கு அங்கேதான் நடக்கிறது. அன்றைய மரியாதை தேனூர்க்காரர்களுக்கு உரியது.

இரண்டு விழாக்களும் பக்கத்தில் வந்தனவே தவிர, ஒன்றாகக் கரைந்துவிடவில்லை. அழகர் பௌர்ணமிக்குக் கட்டுப்பட்டவர். மீனாட்சியின் கல்யாணம் கொடியேற்றத்திலிருந்து எண்ணிய நாளில் நடக்கும். அதனால் இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. 2024இல் ஏப்ரல் 21 திருக்கல்யாணம், 23 அன்று அழகர் ஆற்றில் இறங்கினார். 2023இல் மே 2 கல்யாணம், 5 அன்று அழகர். 2025இல் மே 8 கல்யாணம், 12 அன்று அழகர். மலையை விட்டு அவர் கிளம்புவதே தாலி கட்டி முடிந்த பிறகுதான். 2025இல் மே 10 அன்று கிளம்பினார். பஞ்சாங்கப்படி பார்த்தால் அவர் கல்யாணத்துக்கு வந்து தாமதமானவரே இல்லை. நாயக்கர் பக்கத்தில் கொண்டுவந்து வைத்த இரண்டு விழாக்களுக்கு நடுவே எஞ்சிய அந்தச் சில நாள் இடைவெளிக்கு மக்கள் கொடுத்த பெயர்தான் தாமதம். இதில் மக்களின் கதைத்திறன் வியக்கத்தக்கது. சைவத்தையும் வைணவத்தையும் கதை ஒரே குடும்பமாக்கிவிடுகிறது. அதே நேரத்தில் அழகர் தென்கரை நகருக்குள் நுழைவதில்லை என்ற உண்மையையும் மறைக்கவில்லை. கோபித்துக்கொண்ட அண்ணன் என்று சொல்லிவிட்டால் உறவும் உண்டு, விலகலும் உண்டு.

அழகரின் உடையும் இதே போல ஒரு சமூக உறவின் பதிவு. மலையிலிருந்து புறப்படும்போது அவர் பெருமாள் கோலத்தில் இருப்பதில்லை. கண்டாங்கிப் பட்டு உடுத்தி, தலையில் உருமாக் கட்டி, கையில் வளரியும் கம்பும் ஏந்திய கள்ளர் கோலத்தில் வருகிறார். மலைக்கும் மேலூருக்கும் இடைப்பட்ட பகுதி கள்ளர் நாடு. அங்கே வழிக்காவலும் ஊர்க்காவலும் அவர்கள் கையில் இருந்தன. அவர்கள் இசைவு இல்லாமல் நகைபூண்ட ஒரு பல்லக்கு அந்தப் பாதையைக் கடந்திருக்க முடியாது. அவர்களின் உடையையே தெய்வம் அணிந்துகொள்வதில் அந்த இசைவு வெளிப்படுகிறது. கோயில்களைக் காக்க அவர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்குச் சான்று உண்டு. 1755இல் கர்னல் ஹெரான் தலைமையிலான கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மதுரை அருகே கோயில்குடிக் கோயிலில் விக்கிரகங்களைக் கொள்ளையடித்துக்கொண்டு நத்தம் கணவாய் வழியாகத் திரும்பியது. கணவாயில் கள்ளர்கள் பாய்ந்து தாக்கி விக்கிரகங்களை மீட்டார்கள். கம்பெனி வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் இதை எழுதிவைத்திருக்கிறார்.

கள்ளர் மட்டுமல்ல, இடையர், வலையர், பள்ளர், பறையர் என்று சமவெளியின் ஒவ்வொரு சமூகத்துக்கும் இந்தக் கோயிலோடு தனித்தனி உறவு உண்டு. அதை ஊர் ஊராகக் கேட்டறிந்து ஆராய்ந்தவர் தொ. பரமசிவன். அவரது ‘அழகர் கோயில்’ ஆய்வை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் வெளியிட்டது. கோயிலைக் கல்வெட்டும் கட்டடமுமாக மட்டும் பார்த்துவந்த தமிழாய்வில், கோயிலுக்கு வரும் மக்களிடமிருந்து வரலாற்றைத் தொடங்கிய நூல் அது. இன்றும் அதற்கு மாற்று இல்லை.

அழகர் கோயிலின் வாசலில் இன்னொரு கதை காவல் நிற்கிறது. மலையாள நாட்டிலிருந்து 18 மந்திரவாதிகள் அழகரின் சக்தியைக் கவர்ந்து போக வந்தார்களாம். யார் கண்ணுக்கும் தெரியாமல் இருக்க மந்திர மை பூசியிருந்தார்கள். பட்டர் அதைக் கண்டுகொண்டு கொதிக்கக் கொதிக்க உணவை முன்னே வைக்க, ஆவி பட்டு மை கரைந்து உருவம் தெரிந்துவிட்டது. 18 பேரையும் கொன்று 18 படிகளின் கீழ் புதைத்தார்கள். அவர்களோடு வந்த கருப்பு, அழகரின் அழகில் மயங்கி அங்கேயே காவல் தெய்வமாகத் தங்கிவிட்டது. பதினெட்டாம்படிக் கருப்பு என்று பெயர் பெற்ற இந்தச் சாமிக்கு அங்கே சிலை கிடையாது. கோபுர வாசலின் பெரிய கதவுக்கே சந்தனம் பூசி, மாலை சார்த்திக் கும்பிடுகிறார்கள். நேர்த்திக்கடனாக ஆளுயர அரிவாள்கள் வருகின்றன. சொத்துத் தகராறு, கடன் தகராறு, களவுப் பழி எல்லாவற்றுக்கும் கடைசித் தீர்ப்பு இந்தப் படியில் செய்யும் சத்தியம்தான் என்று பல தலைமுறைகள் நம்பின. நீதிமன்றத்தில் துணிந்து பொய் சொல்பவனும் கருப்பு முன் நாக்குப் புரளத் தயங்குவான் என்பது வட்டாரப் பேச்சு. மதுரைக்குப் புறப்படும் அழகரும் கருப்பிடம் உத்தரவு வாங்கித்தான் போகிறார். அணிந்து செல்லும் நகைகளின் கணக்கைக் கருப்பு முன் படித்துவிட்டுப் போய், திரும்பியதும் சரிபார்ப்பார்கள் என்று சொல்வது உண்டு.

பயணத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் மக்களின் கை இருக்கிறது. அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல் என்று நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று, மூன்றுமாவடியில் அழகர் எதிர்சேவை பெறுகிறார். நகரத்து ஜனம் எதிர்கொண்டு போய் வரவேற்கும் இடம் இது. பெண்கள் செம்பில் சர்க்கரை நிரப்பி, வாயை வாழையிலையால் மூடி, அதன் மேல் சூடம் ஏற்றிப் பல்லக்கை நோக்கித் தூக்கிப் பிடிப்பார்கள். தீபம் காட்டி முடிந்ததும் அந்தச் சர்க்கரை பக்கத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் பங்காகும். அன்றிரவு தல்லாகுளம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் தங்கல். அங்கே மலையின் நூபுர கங்கைத் தண்ணீரில் திருமஞ்சனம் நடக்கிறது. வேறு தண்ணீர் பட்டால் அபரஞ்சித் தங்கத்தாலான திருமேனி கறுத்துவிடும் என்ற நம்பிக்கையால் தீர்த்தமும் கூடவே பயணம் செய்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் சூடிய மாலையை அணிந்து அழகர் ஆற்றுக்குக் கிளம்புவார்.

எந்த நிறப் பட்டு உடுத்தி இறங்குகிறார் என்பதுதான் அன்று காலை ஊரின் முதல் பேச்சு. பெட்டிக்குள் பல நிறப் பட்டுகள் இருக்கும், பட்டர் பார்க்காமல் கைவிட்டு எடுப்பது அன்றைய உடை என்பது நம்பிக்கை. பச்சை என்றால் நாடு செழிக்கும், சிவப்பு என்றால் அந்த ஆண்டு அமைதி குறையும். மழையை நம்பிய புஞ்சைக்காரனுக்கு வருடத்தின் வெள்ளாமை அங்கேயே தெரிந்துவிடுகிறது. கரையில் வீரராகவப் பெருமாள் எதிர்கொள்ள, பட்டு அசையும்போது எழும் கோவிந்தா முழக்கம் நெடுநேரம் ஓயாது.

அன்று ராமராயர் மண்டபத்தில் நடப்பது தண்ணீர் பீய்ச்சுதல். சல்லடமும் குல்லாவும் அணிந்து கருப்பு வேடமிட்ட ஆண்கள், ஆட்டுத்தோலைத் தைத்து ஒரு முனையில் சிறு குழல் பொருத்திய பையில் வாசனை கலந்த தண்ணீரை நிரப்பிக்கொள்கிறார்கள். பையைக் கக்கத்தில் இடுக்கி அழுத்தினால் தண்ணீர் நூல் போல எழுந்து குதிரையின் மேல் விழும். வெயிலில் வந்த அழகரின் சூட்டைத் தணிக்கும் வேண்டுதல் இது. விரதமிருந்து, முடியிறக்கி, குடும்பம் குடும்பமாகத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் கடன். தோல்பைக்குப் பதிலாக உயர் அழுத்த பம்பால் அடிக்கும் பழக்கம் பரவியபோது, அதைக் கூடாது என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2024இல் உத்தரவிட்டது. மரபைக் காக்க வந்த அந்த உத்தரவு சரியானதே. ஆற்றில் தண்ணீரும் இப்போது மனிதர் திறந்துவிடுவதுதான். 1959இல் வைகை அணை பயன்பாட்டுக்கு வந்த பின், விழாவுக்கென்று அணையிலிருந்து தண்ணீர் விடுவது வழக்கமாகியிருக்கிறது.

இரவு வண்டியூரில் தங்குகிறார். அங்கே துலுக்க நாச்சியார் வீட்டுக்குப் போகிறார் என்பது ஊர் வழக்கு. உண்மையில் அவர் தங்குவது வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலில்தான். பெருமாள் மேல் காதல் கொண்ட சுல்தான் மகளின் கதை திருவரங்கத்திலும் மேல்கோட்டையிலும் உண்டு. மதுரை மக்கள் அதை அழகரின் பயணத்தில் சேர்த்து, தங்கையோடு பிணங்கியவருக்கு இஸ்லாமியப் பெண் ஒருத்தியின் வீட்டில் இடம் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் தேனூர் மண்டபத்தில் கருட வாகனத்தில் மண்டூகருக்கு மோட்சம், இரவு ராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரம், பிறகு பூப்பல்லக்கு. அதோடு மலைக்குத் திரும்பிவிடுவார்.

திரைப்படமும் அழகர் விழாவைத் தொட்டிருக்கிறது. விஜயகாந்த் நடித்த ‘கள்ளழகர்’ 1999இல் வந்தது. தேவா இசையமைத்த அதன் அழகர் பாட்டு இன்று மண்டகப்படிப் பந்தல்தோறும் ஒலிபெருக்கியில் முழங்குகிறது. விழாவின் பழைய பாட்டு என்றே இளைஞர்கள் பலர் நினைக்கிறார்கள். பாஸ்கர் சக்தியின் கதையை வைத்துச் சுசீந்திரன் இயக்கிய ‘அழகர்சாமியின் குதிரை’ 2011இல் வெளியானது. அழகர் ஊர்வலத்துக்குரிய மரக்குதிரை காணாமல் போனால் ஒரு கிராமம் என்ன பாடுபடும் என்பதே அதன் மையம்.

சினிமாவுக்கு முன்பு அழகரின் கதையை மக்களிடம் கொண்டுசென்றவர்கள் வர்ணிப்பாளர்கள். பலபட்டடைச் சொக்கநாதப் புலவரின் ‘அழகர் கிள்ளைவிடு தூது’ படித்தவர்களுக்கான நூல். விழாவுக்கு நடந்து வந்த ஜனம் ஆற்று மணலில் உட்கார்ந்து கேட்டது அழகர் வர்ணிப்பை. அழகர் கிளம்பியது, கருப்பிடம் உத்தரவு வாங்கியது, தங்கை கல்யாணம் முடிந்த செய்தி கேட்டது எல்லாவற்றையும் உடுக்கையோ கஞ்சிராவோ துணையாகப் பாடியவர்கள் அவர்கள். தாமதமாக வந்த அண்ணனின் கதை வளர்ந்தது அவர்கள் வாயில்தான். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் கொரோனாவால் அழகர் ஆற்றுக்கு வரவில்லை; சடங்குகள் மலைக்கோயிலுக்குள்ளேயே முடிந்தன. கோயில் சடங்கு அப்படி உள்ளே நடந்துவிடும். வர்ணிப்பு, கூடிய ஜனம் இல்லாமல் நடக்காது. வயதான வர்ணிப்பாளர்களின் பாட்டையும் அவர்கள் கையில் மிஞ்சியிருக்கும் மலிவுப் பதிப்புகளையும் பல்கலைக்கழகமும் கோயில் நிர்வாகமும் சேர்ந்து இப்போதே பதிவு செய்து வைக்க வேண்டும்.